ஐந்தாம் பாட்டின் வயலின்

அவருடைய தொழில் அடுத்தவர் காதைச் சோதிப்பது. சலவைக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்த ஒரு நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துவந்தார். வந்தவரைச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவார். 'பீப்' கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். எது எது எவ்வளவு சத்தத்தில் கேட்டது என்று தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் அதுதான் அவர்கள் காதின் படம். கோடு வலப்பக்கம் சரிந்து விழுந்தால் காதுக்கு மெஷின். வருகிறவர்கள் அவரை டாக்டர் என்பார்கள். 'நான் டாக்டர் இல்லைங்க' என்று அவரும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார், அவர்கள் காதில் விழாத அளவுக்கு மெதுவாக.

வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டால் அவர் வேறு ஆள். உள்ளே கறுப்பு பனியன், அதில் இடிந்த மணிக்கூண்டும் அதன்மேல் ஒரு காக்கையும். 'இரவல் நிழல்' என்ற இசைக்குழுவின் சின்னம் அது. அவர்கள் வாசிப்பது காத்திக் மெட்டல். கல்லறை, மழை, பூட்டிய மாளிகை, செத்துப்போன காதலி, இந்த நான்கில் குறைந்தது மூன்று இல்லாமல் ஒரு பாட்டும் கிடையாது. ஓர் ஆண் அலமாரியைத் தரையில் இழுப்பதுபோல அடித்தொண்டையில் உறுமுவான். ஒரு பெண் அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், தனக்கும் கீழே நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பாடுவாள். பின்னால் கித்தார்கள் மேகம்போல் திரண்டு நிற்கும். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அவர் மனைவி இதற்கு எழவுப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு அதில் கோபமில்லை. இருபத்தேழு வயதில் பிடித்த பித்து, ஐம்பத்து மூன்றிலும் இறங்கவில்லை.

அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. நாலாயிரம் பேர். அங்கே அவருக்குப் பெரியகாது என்று பெயர். சும்மா வந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்து ஆறு நொடி கழித்து ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது என்று அவர் எழுதினார். யாருக்கும் கேட்கவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். நாலு நாள் கழித்துக் குழுவின் டிரம் வாசிப்பவரே வந்து, 'ஆமாம், அது என் நாற்காலி, எழுந்துகொள்ள அவசரம்' என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து பெரியகாது எழுதினால் அதற்கு மேல் பேச்சில்லை. வீட்டில் ஒரு குண்டூசியின் மதிப்புக்கூட இல்லாத மனிதருக்கு நாலாயிரம் பேர் நடுவில் நாற்காலி போட்டுக் கொடுத்தது அந்த நாற்காலிதான்.

ஏழாவது ஆல்பம் ஒரு சனிக்கிழமை வந்தது. பெயரே 'ஏழாம் துக்கம்'. நிலையம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், சோதனை அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஊரிலேயே அமைதியான இடம் அதுதான். புது ஆல்பத்தை முதல் முறை அங்கேதான் கேட்பது என்பது பல வருட வழக்கம். முதல் பாட்டில் இரண்டு நிமிடம் ஆர்கன் மட்டும், தேவாலயத்தின் தரை அதிர்வதுபோல. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவதில் உறுமல் முன்பைவிடக் கனிந்திருந்தது, அந்த ஆளுக்கும் வயதாகிறதல்லவா. மூன்றாவதும் நான்காவதும் குறை சொல்ல முடியாதவை. ஐந்தாவது பாட்டு ஒன்பது நிமிடம். 'பூட்டிய வீடு' என்று தலைப்பு. முழுக்க வயலின் என்று அட்டையில் போட்டிருந்தது. அவர் காத்திருந்தார். கித்தார் வந்தது, டிரம் வந்தது, பாடகி ஏதோ குசுகுசுத்தாள். வயலின் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினார். திரும்ப முதலிலிருந்து வைத்தார். மூன்று முறை கேட்டும் வயலின் வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து எழுதினார். இப்படிப் போனது அதன் முக்கியமான பகுதி: 'முதல் நான்கு பாட்டுக்கும் தலைவணங்குகிறேன். ஐந்தாவதில் ஒரு கொலை நடந்திருக்கிறது. வயலின் எங்கே போனது என்றே தெரியவில்லை. பாடகி ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார், ஒரு சொல் புரியவில்லை. இப்போதெல்லாம் யாருக்கும் சத்தத்தை ஒழுங்காக வைக்கத் தெரிவதில்லை. அந்தக் காலத்து ஆல்பங்களில் ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்கும். இந்த ஆல்பத்தின் ஒலியைக் கலந்தவர் புதியவராம். தெரிகிறது.'

அந்தத் 'தெரிகிறது' என்ற ஒற்றைச் சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று பத்து நிமிடம் யோசித்தார். போட்டதும் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒலியைக் கலப்பது என்றால், தனித்தனியாகப் பதிவு செய்த வாத்தியங்களில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. இந்த ஆல்பத்துக்கு அதைச் செய்தது இருபத்தாறு வயதுப் பெண். அவளுக்கு இது முதல் பெரிய வேலை. திங்கட்கிழமை அவளே பக்கத்துக்கு வந்து மரியாதையாக எழுதினாள்: 'ஐயா, பள்ளியில் படிக்கும்போதிலிருந்து உங்கள் பதிவுகளைப் படிக்கிறேன். வயலின் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் ஒருத்தி அழுவது தெருவில் நிற்பவருக்கு எப்படிக் கேட்குமோ, அப்படி மெல்லிசாக, உச்ச ஸ்தாயியில் வைத்தேன். தயவுசெய்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.'

அதற்கு அவர் எழுதிய பதில் இது: 'இருபத்தாறு வருடமாக ஊரார் காதைச் சோதிப்பவன் நான், அம்மா. எனக்கே காது டெஸ்டா?'

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்தார்கள். சிரித்ததோடு விடவில்லை. எனக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை என்று வரிசைகட்டி வந்தார்கள். ஒருவன் வயலின் படத்தைப் போட்டு மேலே 'காணவில்லை' என்று எழுதினான். இன்னொருவன் அந்தப் பெண்ணின் படத்தையே போட்டு, காதில் பஞ்சை வரைந்து வைத்தான். அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் நிறுத்திவிட்டாள். அவள் கணக்கே பக்கத்திலிருந்து காணாமல் போயிற்று. நம்மவர் அதைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாதவர்கள் வாதம் பண்ண வந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். வீட்டு ஸ்பீக்கரில் ஆல்பம் ஓடியபடியே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கும்போது ஏதாவது முனகுவது அவர் பழக்கம். அன்றைக்கு முனகிய மெட்டு புதிதாக இருந்தது. இறங்கி இறங்கி வந்து, முடியப் போகிற இடத்தில் முடியாமல் மேலே ஏறிக்கொண்டது. நல்ல மெட்டு. என்ன பாட்டு அது என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. உங்க எழவுப் பாட்டுதான். வாரம் பூரா அதைத்தானே ஓட்டுறீங்க."

"இந்த மெட்டு அதுல எங்க வருது?"

"அஞ்சாவது பாட்டுல. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அந்த வயலின் இழுத்துக்கிட்டே இருக்குமே. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சது."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்பீக்கரில் ஐந்தாவது பாட்டை வைத்து, வயலின் வரும்போது கையைத் தூக்கு, நின்றதும் இறக்கு என்றார். தொழில் புத்தி. மனைவி ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கிப் பத்து நொடிகூட ஆகவில்லை, கை மேலே போயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, கை இறங்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டாரோ இல்லையோ, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுங்க. இறக்கட்டுமா?"

உனக்குப் பிரமை, பாடகியின் குரலைத்தான் வயலின் என்று நினைக்கிறாய் என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அணைத்தார். மனைவி துணி மடிக்கப் போய்விட்டார். மனைவி வாதம் பண்ணியிருந்தால்கூடத் தேவலை.

நிலையத்தில் ஒரு நீல நோட்டு உண்டு. அதைச் சொன்னால்தான் மறுநாள் நடந்தது புரியும். சோதனைக்கு வருகிறவர்கள் சொல்லும் சமாதானங்களை அவர் அந்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெயர் போட மாட்டார், ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன தொழில், அவ்வளவுதான். டீ நேரத்தில் வரவேற்பில் இருக்கும் பெண்மணி அதை எடுத்து ராகம் போட்டுப் படிப்பார். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பதால் எல்லோருக்கும் அவர் டோக்கன் அக்கா. நடிப்பில் கெட்டிக்காரி. பின்கட்டில் டீ குடிக்கிறவர்களுக்கு அன்றாடம் அதுதான் நாடகம்.

வெள்ளிக்கிழமையும் அக்கா நோட்டை விரித்தார்.

"ஆண், அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'எனக்குக் காது நல்லா கேக்குது. என் மருமகதான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்குறா, ஒரு சொல்லு புரியல.'" டீ கொண்டுவந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "பெண், எழுபது. 'இப்பல்லாம் டிவில எவனுக்கும் சவுண்டை ஒழுங்கா வைக்கத் தெரியல. அந்தக் காலத்துப் படத்துல ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்கும்.' ஆண், அறுபத்தொண்ணு, பஸ் டிரைவர். 'எங்க தெருவுல குருவிங்கல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.'"

டிரைவரின் குருவிக்குத்தான் எப்போதும் பெரிய சிரிப்பு. அன்றைக்கு நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார், ஒரு சொல் புரியவில்லை. யாருக்கும் சத்தத்தை ஒழுங்காக வைக்கத் தெரிவதில்லை. அந்தக் காலத்து ஆல்பங்களில். வயலின் எங்கே போனது என்றே தெரியவில்லை. வரிக்கு வரி அவர் எழுதியது. மருமகளுக்குப் பதில் பாடகி, குருவிக்குப் பதில் வயலின். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார். கழுவிய பிறகும் முகம் எரிந்தது.

தன் காதைத் தானே சோதிக்க முடியாது. பொத்தானை அமுக்குகிற கைக்கு எப்போது சத்தம் வரும் என்று தெரியுமே. கூட வேலை செய்பவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை அழைத்துக்கொண்டு மூடிக்கிடந்த நிலையத்தைத் திறந்தார். எந்தப் பொத்தான், எந்தத் திருகு, எங்கே புள்ளி வைப்பது என்று கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எல்லோரையும் உட்காரவைக்கிற அந்த நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

தடித்த சத்தங்கள் முதலில் வந்தன. கையைத் தூக்கினார். மெதுவாயின, அப்போதும் தூக்கினார். நடுவாந்திர சத்தங்களும் கேட்டன. நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோம் என்று தோன்றியது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பொறுத்துப் பார்த்தார். மனைவிக்கு ஏதோ குழம்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

"ஏன் நிறுத்திட்டே?"

மனைவி திருகிலிருந்து விரலை எடுக்காமல் அவரைப் பார்த்தார். "நான் நிறுத்தவே இல்லையே. பதினாலு தடவை அமுக்கிட்டேன்."

தாளை வாங்கிப் பார்த்தார். மனைவி ஒழுங்காகத்தான் புள்ளி வைத்திருந்தார். கோடு பாதி தூரம் மேசைபோல் நேராக வந்து, அப்புறம் படிக்கட்டிலிருந்து தவறி விழுந்ததுபோல் விழுந்திருந்தது. இந்த மாதிரி தாளை அவர் ஆயிரக்கணக்கானவர்கள் கையில் கொடுத்து, வயசாகுதுல்ல, பரவாயில்லைங்க என்று சொல்லியிருக்கிறார். மெல்லிய உச்ச ஸ்தாயி வயலின் இந்தக் காதுக்குக் கித்தார்களைத் தாண்டி எட்டவே எட்டாது. அதைச் சொல்ல அவருக்கு இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்படவில்லை.

இதுவரை சொன்னதில் அவமானம் பாதிதான். மீதி அவருக்கு மட்டும் தெரிந்தது. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் யாராவது ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எல்லாச் சத்தமும் சரியாக வருகிறதா என்று தன் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும், அது அந்தத் தொழிலின் ஒழுங்கு. இருபது வருடத்துக்கு மேல் அதை அவர்தான் செய்தார். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் உச்சச் சத்தம் மங்கலாக இருந்தது. ஹெட்போன் கெட்டுவிட்டது என்று புதிது வரவழைத்தார். அதுவும் மங்கல். இப்போதெல்லாம் கம்பெனிக்காரன் சரக்கே சரியில்லை என்றார். அதற்கு அடுத்த வாரம், 'அக்கா, நீங்களும் கொஞ்சம் தொழில் கத்துக்கணும்' என்று காலைச் சோதனையை டோக்கன் அக்காவிடம் தள்ளிவிட்டார். அக்கா அதைப் பெரிய கௌரவமாக நினைத்துக்கொண்டு நாலு வருடமாகச் செய்துவருகிறார். ஆக, அவருக்குத் தெரியும். தெரியாத இடத்தில் கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மனைவி சொல்லிக் காட்டவில்லை. ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்து கத்துவது கேட்கவில்லையா என்று எத்தனை முறை கேட்டிருப்பார், நீதான் வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்று எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அதையெல்லாம் எடுக்காமல், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒன்றுதான் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு எழுதிடுங்க. இன்னிக்கே."

எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் உட்கார்ந்தார். எனக்குக் காது போய்விட்டது என்று தட்டினார். அழித்தார். நாலாயிரம் பேர் முன்னால் பெரியகாது எப்படி அதைச் சொல்வது? திங்கட்கிழமை அவர் பக்கத்தில் போட்டது இவ்வளவுதான்: 'என் ஹெட்போனில் கோளாறு இருந்திருக்கலாம் என்று சந்தேகம். ஐந்தாம் பாட்டைப் பற்றிய என் கருத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன்.' நாலு வருடத்துக்கு முன் சொன்ன அதே பொய், அதே ஹெட்போன். பெரிய மனசு ஐயா உங்களுக்கு, அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்று ரசிகர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் படித்தபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க மறுக்கவில்லை.

புதன்கிழமை குழுவின் அறிவிப்பு வந்தது. ரசிகர்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்து 'ஏழாம் துக்கம்' ஒலி புதிதாகக் கலக்கப்படுகிறது, பழைய ஆல்பங்களைச் செய்தவரே செய்கிறார், மூன்று வாரத்தில் வெளியாகும். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. அவளுக்கு நன்றி என்றுகூட இல்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்து முழு உண்மையையும் எழுதினார். நாலு வருடத்து ஹெட்போன் கதை உட்பட. அந்தத் தாளையும் படம் பிடித்துப் போட்டார். வயலின் முதலிலிருந்தே இருக்கிறது, என் மனைவி கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள், எனக்குத்தான் கேட்கவில்லை, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன், புதிதாகக் கலக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். குழுவின் மேலாளருக்கும் தனியாக எழுதினார். மேலாளர் ஒரே வரியில் பதில் போட்டார், வேலை பாதி முடிந்துவிட்டது, ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று. பக்கத்தில் சிலர் ஆறுதல் சொன்னார்கள், சிலர் கேலி செய்தார்கள். பெரும்பாலானவர்கள் சொன்னது வேறு. 'உங்களுக்குக் கேட்காமல் போனது சரி ஐயா, எங்களுக்கும்தான் கேட்கவில்லையே.' அவர்களில் முக்கால்வாசி முப்பது வயது ஆகாதவர்கள். எலி ஓடினால் கேட்கிற காது. வயலின் இல்லை என்று பெரியகாது சொல்லிவிட்டால் அவர்களுக்கும் இல்லை. இதை அவர் யாரிடம் போய்ப் புலம்புவது?

அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி, வயலின் வாசித்தவர் மூலமாக அனுப்பினார். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

அடுத்த வாரம் கூட வேலை செய்பவர் அவருக்கு மெஷின் பொருத்திவிட்டார். புதிதாகப் பொருத்தியவர்கள் காது பழகுவதற்காக அரை மணி நேரம் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவரே போட்ட விதி. தன் விதிக்குத் தானும் கட்டுப்பட்டு உட்கார்ந்தார். மின்விசிறிக்கு இவ்வளவு சத்தமா என்றிருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிற இடம். டீ நேரம் வந்தது. தடுப்பு வழியாக டோக்கன் அக்காவின் ராகம் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாக வந்தது. "எங்க தெருவுல குருவிங்கல்லாம்." பிறகு சிரிப்பு. இத்தனை வருடமாக மெஷின் மாட்டிய முதல் அரை மணி நேரம் இதே பெஞ்சில் உட்கார்ந்தவர்களை அவர் நினைத்துப் பார்த்தார். தலைமையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார். பஸ் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் பொருத்திக்கொண்டு போனவர், மறுசோதனைக்கு வரவே இல்லை. மெஷினை இழுப்பறையில் போட்டுவிட்டிருப்பார், இந்த வயசானவர்களே இப்படித்தான் என்று அப்போது அக்காவிடம் சொன்னது நினைவு வந்தது. உள்ளே போய் நோட்டைக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, நிலையம் திறப்பதற்கு முன், சோதனை அறைக்குள் போய் ஐந்தாவது பாட்டை வைத்தார். ஹெட்போன் இல்லை, சின்ன ஸ்பீக்கர், காதில் மெஷின். பத்தாவது நொடியில் அது வந்தது. மனைவி முனகிய அதே மெட்டு. ஆனால் எவ்வளவு மெல்லிசு! கித்தார்களெல்லாம் சுவராக நிற்க, அந்தச் சுவருக்கு உள்ளே, மேல்மாடியில் எங்கோ, ஒருத்தி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுகிறாள். தெருவில் நிற்கிறவனுக்குக் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று தோன்றுகிற அளவுக்குத்தான் கேட்கிறது. அவள் எழுதியிருந்தாளே, அதே மாதிரி. ஆறாவது நிமிடம் பாடகி குசுகுசுப்பதும் புரிந்தது. 'நீ கேட்பாய் என்றுதான் சத்தமாக அழவில்லை' என்கிறாள். இருபத்தாறு வருடத்தில் 'இரவல் நிழல்' செய்த எதுவும் இந்த ஒன்பது நிமிடத்துக்கு ஈடு கிடையாது. அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார்.

புதிய கலவை சொன்ன தேதியில் வந்தது. பூட்டிய வீட்டுக்குள் அழுதவளை முடியைப் பிடித்து இழுத்துவந்து மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வயலின் காதைக் கிழித்தது. வீடும் இல்லை, தெருவும் இல்லை. அட்டையின் உள்பக்கம், கடைசி வரியில், 'வயலினைக் கண்டுபிடித்துத் தந்த பெரியகாதுக்கு நன்றி' என்று அச்சடித்திருந்தது. இதற்கு முன் அச்சில் தன் பெயரை அவர் பார்த்ததே இல்லை.

ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர் அன்றைக்கே இரண்டாவது பதிவு எழுதினார். மெஷின் போட்டுக்கொண்டு இரண்டையும் பத்துப் பத்து முறை கேட்டேன், முதலில் அந்தப் பெண் செய்ததுதான் சரி, இது வெறும் கூச்சல், நாம் ஒரு நல்ல வேலையை அடித்துக் கெடுத்துவிட்டோம், முதல் ஆள் நான் என்று, எதையும் மிச்சம் வைக்காமல் எழுதினார். எழுதிக் கால் மணி நேரத்தில் ஒருவன் கீழே போட்டான்: 'ஐயா, உங்களுக்குத்தான் காதே கேக்காதே. ரெண்டு மிக்ஸுக்கும் வித்தியாசம் வேற கண்டுபிடிச்சிட்டீங்களா?'

எழுநூறு பேர் சிரித்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டில் சிரித்த பெயர்கள் பல இதிலும் இருந்தன. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அவர் ஒருவனுக்கு விளக்கினார். இன்னொருவனுக்கு விளக்கினார். யாரோ அவர் போட்ட தாளின் படத்தை எடுத்து, கோடு விழுகிற இடத்தில் ஒரு பொம்மை மனிதன் சறுக்கி விழுவதாக வரைந்து போட்டார்கள். அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்து, தட்டிக்கொண்டிருந்தபோது தனியாக ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து.

'ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. புதிய பதிவையும் படித்தேன், கீழே உள்ளதையும் படித்தேன். யாருக்கும் பதில் எழுதாதீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன், கேலி கூடத்தான் செய்யும். முதல் நாலு நாள்தான் கஷ்டம். அப்புறம் படிக்காமல் இருக்கப் பழகிவிடும்.'

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தாமல் கீங் கீங் என்று கத்துவது கேட்டது. போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவளுடைய அந்த முதல் நாலு நாளும் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைவிருந்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவளைத் திட்டி வந்த ஒவ்வொரு வரியையும் விடாமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு லைக் போட்டுக்கொண்டிருந்தார்.